மேளா மூத்தது, பள்ளி இளையது

கல்விக்கூடங்களில் பண்பாட்டு விழா எடுப்போர் பெரும்பாலும் மேடையையும் பார்வையாளர் இருக்கைகளையுமே முதலில் அமைக்கின்றனர். பழம்பொருள்கள் கண்ணாடிப் பேழைக்குள் அடங்கிவிடுகின்றன. அவற்றைப் படைத்த கைகளோ வாயிலுக்கு வெளியே நின்றுவிடுகின்றன. இதற்கு மாறான நெறியொன்றை வங்காளத்துப் பிர்பூம் மாவட்டத்திலுள்ள சாந்திநிகேதன் நூற்றாண்டுக்கு முன்பே கைக்கொண்டது. அங்கு நிகழும் பௌஷ மேளாவின் வரலாறு, ஒரு பள்ளிக்கும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களுக்கும் இடையிலான உறவின் வரலாறாகும்.

இவ்வெண்ணத்தின் வேரைக் கல்கத்தாவில் காணலாம். 1867இல் நபகோபால் மித்ரா அந்நகரில் இந்து மேளாவைத் தொடங்கினார். தாகூர் குடும்பத்தினர் அதற்குத் துணைநின்றனர். நாட்டுக் கைத்தொழிலும் பாட்டும் உடற்பயிற்சியும் அதில் இடம்பெற்றன. 1875இல் பதின்மூன்று அகவையினரான இரவீந்திரநாத தாகூர் அம்மேளாவில் தம் கவிதையைப் படித்தார்.

அவர்தம் தந்தையார் மகரிஷி தேவேந்திரநாதர் 1863இல் சாந்திநிகேதனில் இருபது பிகா நிலம் பெற்றார். 1888இல் அவர் எழுதிவைத்த அறக்கட்டளைப் பத்திரம் ஆண்டுதோறும் அங்கு ஒரு மேளா நடத்தப் பணித்தது. அப்பத்திரம் வகுத்த விதிகள் ஈண்டுக் கருதத்தக்கன. எல்லாச் சமயச் சான்றோரும் வந்து அறம் பற்றி உரையாடலாம். உருவ வழிபாடும் இழிந்த கேளிக்கையும் கூடா. மதுவும் ஊனும் நீங்கலாகப் பிற பொருள்களை விற்கலாம். மேளாவால் வருவாய் கிட்டின் அது மேளாவுக்கோ ஆசிரமத்துக்கோ செலவாதல் வேண்டும். வணிகத்தை அவர் விலக்கவில்லை. அதற்கு எல்லை வகுத்தார்.

பௌஷம் நம் மார்கழியை ஒத்த திங்கள். அதன் ஏழாம் நாள், 1843இல் தேவேந்திரநாதர் பிரம்ம சமய தீட்சை பெற்ற நாள். அந்நாளிலேயே 1891இல் வழிபாட்டு மன்றம் திறக்கப்பட்டது; 1894இல் மேளா தொடங்கியது; 1901இல் ஐந்து மாணவருடன் இரவீந்திரரின் பள்ளியும் தொடங்கியது. ஆகவே அங்கு மேளா மூத்தது, பள்ளி இளையது. ஏற்கெனவே ஊர்மக்கள் கூடிவந்த களத்திலேதான் பள்ளி பிறந்தது.

1904இல் 'சுதேசி சமாஜ்' என்னும் உரையில் இரவீந்திரர் மேளாவின் பொருளை விளக்கினார். கற்றோர் தம் மன்றங்களுக்கு மக்களை அழைத்தால், அவர்கள் ஐயத்தோடு வருவர். மேளாவுக்கோ தாமே மனந்திறந்து வருவர் என்பது அவர் கருத்து. அங்குக் கூத்தும் கீர்த்தனமும் கதையுரையும் நிகழவேண்டும். இந்துக்களும் முசுலிம்களும் நெருங்கவேண்டும். குடிநீர், சாலை, பள்ளி முதலிய ஊர்க்குறைகளும் பேசப்படவேண்டும் என்று அவர் விரும்பினார். 1922இல் ஊரகச் சீரமைப்புக்கென அவர் நிறுவிய ஸ்ரீநிகேதனில் ஆண்டு விழாவோடு கைத்தொழிற் கண்காட்சியும் இணைந்தது இக்கருத்தின் விளைவே எனலாம்.

மேளாவின் ஒழுங்குமுறையும் இதனையே காட்டும். ஏழாம் நாள் விடியலில் ஆசிரமத்தார் பாடிச் சுற்றிவருவர். தேவேந்திரநாதர் தியானித்த ஏழிலைப்பாலை மரத்தடியில் வழிபாடு நிகழும். அதன்பின் களம் ஊருக்கு உரியதாகும். பாவுல் பாடகர் ஏகதாராவுடன் பாடுவர். சந்தால் மக்கள் ஆடுவர். குயவரும் நெசவாளரும் கடை விரிப்பர். ஒன்பதாம் நாள் மறைந்த ஆசிரமத்தாரை நினைவுகூர்வர். மாணவர் இங்குக் காட்சிப்பொருள் ஆவதில்லை, விருந்தோம்புவோராகப் பயில்கின்றனர்.

இம்மரபு இடையறாது வந்ததன்று. 1943இல் பஞ்சத்தாலும் 1946இல் வகுப்புக் கலவரத்தாலும் மேளா நின்றது. பின்னாளில் கூட்டமும் கடைகளும் பெருகின. 2010களில் குப்பையும் புகையும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் முன் வழக்காயின. 2020 ஆகஸ்டில் மேளாக் களத்தைச் சுற்றி விசுவபாரதி மதில் எழுப்பத் தொடங்க, எதிர்த்துத் திரண்டோர் அதனை இடித்தனர். 2020 முதல் மூன்றாண்டுகள் விசுவபாரதி மேளாவை நடத்தவில்லை. 2023இல் யுனெஸ்கோ சாந்திநிகேதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அவ்வாண்டு மேளாவை நடத்தியதோ மாவட்ட நிர்வாகம். 2024இல் மேளா மீண்டும் விசுவபாரதியின் பொறுப்பில் நிகழ்ந்தது.

மதிலை எழுப்பியோர்க்கும் இடித்தோர்க்கும் தத்தம் நியாயங்கள் இருந்தன. பெருகிவரும் வணிகத்தை அடக்குதல் நிறுவனத்தின் கடமை. களம் தமதென்று கொண்டாடுதல் ஊராரின் உரிமை. இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணியே 1888ஆம் ஆண்டுப் பத்திரம் விதிகளை வகுத்து வாயிலைத் திறந்துவைத்தது. விதிகள் தளர்ந்தபோது மேளா சந்தையாயிற்று. வாயில் அடைபட்டபோது மேளாவே நின்றது. பள்ளிகளில் மரபு விழா எடுக்க முனைவோர் எதனைக் காட்டுவது என்று எண்ணுமுன், யாரை அழைப்பது, அவர்க்கு எந்த இடம் தருவது என்று எண்ணுதல் வேண்டும். கவிதை படித்த சிறுவன் ஒருவன் வளர்ந்து களம் அமைத்த வரலாறு கவிஞர்க்கும் இக்கடமையை உணர்த்துகின்றது.