பரதேசி என்னும் சொல்லும் 1891ஆம் ஆண்டும்: கரமனையிலிருந்து ஒரு வாசிப்பு

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலை கரமனையில் ஆற்றைக் கடக்கிறது. பாலத்தைத் தாண்டினால் நெய்யாற்றின்கரை, மார்த்தாண்டம், நாகர்கோவில், ஆரல்வாய்மொழி, அதற்கப்பால் திருநெல்வேலி. இந்த வழியில் எந்த இடத்தில் மலையாளம் முடிந்து தமிழ் தொடங்குகிறது என்று கோடு கிழிக்க மொழியியலாளர்கள் இன்றும் தயங்குவர். 1956இல் அரசாங்கம் ஒரு கோட்டைக் கிழித்தது. பேச்சுவழக்கு அதற்குக் கட்டுப்படவில்லை. இச்சாலை வழியாக வந்தவர்களில் ஒரு பகுதியினர் கரமனையிலும் வலியசாலையிலும் கோட்டைக்குள்ளும் அக்கிரகாரங்களில் குடியேறினர். ஊட்டுப்புரை, கோயில், அரண்மனை அலுவல், கணக்கு, பின்னர் ஆங்கிலக் கல்வி வழி கிடைத்த அரசு வேலை என்று அவர்கள் வந்த காரணங்கள் பல. வந்த காலங்களும் பல. சில குடும்பங்கள் மார்த்தாண்ட வர்மாவின் காலத்தை நினைவில் வைத்திருந்தன. சில குடும்பங்கள் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், திவானின் பின்னே வந்து சேர்ந்தவை.

இந்த வேறுபாடு ஒரு காலத்தில் பெரும் அரசியல் கேள்வியாயிற்று. அதை எழுப்பியவர்கள் கல்லூரி மாணவர்கள்.

திருவனந்தபுரத்து மகாராஜா கல்லூரியின் தொடக்கம், சுவாதித் திருநாள் காலத்தில் 1834இல் ஏற்பட்ட ஆங்கிலப் பள்ளி. 1866இல் அது கல்லூரியாக உயர்ந்தது. தேர்வுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் நடந்தன. ஆங்கிலக் கட்டுரை வரைதல் அப்படிப்பின் முதுகெலும்பு. அரசியல், வரலாறு, அரசரின் கடமை, வரிவிதிப்பின் நியாயம் ஆகியவற்றைப் பற்றி முன்னுரையோடும் வாதத்தோடும் பக்கக்கணக்கில் எழுதப் பழகிய தலைமுறை ஒன்று 1870களிலும் 1880களிலும் இங்கே உருவானது. பிரிட்டிஷ் ஆட்சி இதை எழுத்தர்களை உண்டாக்கும் பயிற்சியாகவே கருதியிருக்கும். இங்கிலாந்தின் வரலாற்றைப் படித்து அதில் மன்னரையும் மந்திரிகளையும் எடைபோடக் கற்ற ஒருவன், தன் ஊர்த் திவானை எடைபோடாமல் விட்டுவிடுவான் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது.

திவான் பதவியின் வரலாறு அந்த எடைபோடலுக்கு வேண்டிய பொருளைத் தந்தது. கும்பகோணத்தைச் சேர்ந்த மாதவ ராவ் 1872 வரை திவான். அவருக்குப் பின் சேஷய்யா சாஸ்திரி. அவரும் கும்பகோணத்துப் பக்கத்தவர். 1877இல் நாணு பிள்ளை வந்தார். உள்ளூர் நாயர் ஒருவர் அப்பதவிக்கு வந்தது பலருக்குத் திருப்பமாகத் தெரிந்தது. 1880இல் அவர் விலக, சென்னையிலிருந்து வேம்பாக்கம் இராமையங்கார் வரவழைக்கப்பட்டார். நில அளவையும் வருவாய்த் துறைச் சீர்திருத்தமும் அவர் காலத்தில் வேகம்பெற்றன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் படித்த மலையாளி இளைஞனுக்குத் தெரிந்தது வேறு: வெளியிலிருந்து திவான் வருகிறார், அவர் பின்னே அவருக்கு வேண்டியவர்கள் வருகிறார்கள், உள்ளூரில் பட்டம் பெற்றவன் காத்திருக்கிறான்.

இராமையங்காரின் ஆட்சியைக் கண்டித்து ஆங்கில இதழ்களில் பெயரில்லாக் கடிதங்களும் கட்டுரைகளும் வரத் தொடங்கின. எழுதியவர்களில் ஒருவர் மகாராஜா கல்லூரி மாணவரான ஜி. பரமேசுவரன் பிள்ளை, 1864இல் பிறந்தவர், அப்போது இருபது வயதைக்கூட எட்டியிருக்கமாட்டார். எழுதியவர் யார் என்பது தெரிந்தபோது அவர் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்டார். திருவிதாங்கூரில் படிப்பைத் தொடர வழியில்லாமல் சென்னை சென்று பிரசிடென்சி கல்லூரியில் பட்டம் பெற்றார். ஒரு மாணவனின் கட்டுரையைக் கண்டு அரசு அஞ்சியது என்பது இங்கே கவனிக்க வேண்டிய செய்தி. கட்டுரையின் வாதத்திற்கு மறுமொழி எழுதுவது எளிதாயிருந்திருந்தால் வெளியேற்றம் தேவைப்பட்டிராது. தண்டனை அவரை அரசின் கைக்கெட்டாத தொலைவிற்கு, பெரிய அச்சகங்களும் பெரிய வாசகர் கூட்டமும் இருந்த நகரத்திற்கு அனுப்பிவைத்தது. அரசு இதை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

1891 ஜனவரியில் மூலம் திருநாள் மகாராஜாவிடம் ஒரு மனு அளிக்கப்பட்டது. மலையாளி மெமோரியல் என்று வரலாற்றில் நிலைத்துவிட்ட அதில் 10,028 பேர் கையொப்பமிட்டிருந்தனர். முதற்கையொப்பம் கே. பி. சங்கர மேனோன். ஈழவரான மருத்துவர் பல்புவும் கையொப்பமிட்டோரில் ஒருவர். நாயர்களின் முன்முயற்சியில் எழுந்ததெனினும் கிறித்தவர்களையும் ஈழவர்களையும் தன்னோடு சேர்த்துக்கொண்ட மனு அது. கோரிக்கை எளியது: அரசுப் பணிகளில் நாட்டினருக்கு உரிய பங்கு வேண்டும். பரமேசுவரன் பிள்ளையின் சிறுநூல் அதே ஆண்டில் அதற்கு ஒரு முழக்கத்தைத் தந்தது: திருவிதாங்கூர் திருவிதாங்கூராருக்கே.

முழக்கம் நன்றாக ஒலித்தது. அதிலிருந்த சொற்சிக்கல் உடனே வெளிப்பட்டது. மனுவின் பெயரில் இருப்பது மலையாளி; முழக்கத்தில் இருப்பது திருவிதாங்கூரார். முதலாவது மொழிவழி அடையாளம், இரண்டாவது நாட்டுவழி அடையாளம். திருவிதாங்கூரில் இவ்விரண்டும் ஒன்றல்ல. தோவாளையிலும் அகத்தீசுவரத்திலும் கல்குளத்திலும் தலைமுறை தலைமுறையாக நிலத்தை உழுதவர்கள் தமிழ் பேசினார்கள். நாஞ்சில் நாட்டு வேளாளன் எந்தக் கணக்கில் வெளிநாட்டான்? அவன் மலையாளியுமல்லன், பரதேசியுமல்லன். மனுவை வரைந்தோர் குறிவைத்தது அவனை அல்ல, அரசு அலுவலகங்களில் நிறைந்திருந்த தமிழ் பிராமணரையே. ஆனால் சொல் குறியைத் தாண்டிச் சென்று விழுந்தது.

பரதேசி என்ற சொல்லே சற்று நின்று பார்க்கத் தக்கது. தமிழில் அது இரவலனாகவும் ஊரூராகத் திரிபவனாகவும் தாழ்ந்து, இறுதியில் வசைச்சொல்லாகவே முடிந்துவிட்டது. மலையாள வழக்கில் அது தன் பழைய பொருளை, வேறு நாட்டவன் என்பதை, பெரிதும் காத்துக்கொண்டது. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட யூதத் தொழுகைக்கூடம் இன்றளவும் பரதேசி சினகாக் என்றே அறியப்படுகிறது. நாலரை நூற்றாண்டு கடந்தும் பெயர் மாறவில்லை. எத்தனை தலைமுறை வாழ்ந்தால் பரதேசி சுதேசியாகிறான் என்பதற்கு அச்சொல்லில் விடை கிடையாது. சட்டத்தில் குடியுரிமைக்குக் கால வரையறை உண்டு, வழக்குச்சொல்லில் கிடையாது. கரமனை அக்கிரகாரத்தின் பழங்குடும்பம் ஒன்றும், நேற்று சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த தாசில்தாரும் ஒரே சொல்லுக்குள் அடைபட்டது இதனால்தான்.

அக்கிரகாரத்தார் சும்மா இருக்கவில்லை. 1891 ஜூனில் தமிழ் பிராமணர்கள் முன்னின்று ஓர் எதிர்மனுவை அளித்தனர். தாங்களும் இந்நாட்டவரே என்பதும், முந்தைய மனுவில் சொல்லப்பட்ட பாகுபாடு உண்மைக்கு மாறானது என்பதும் அதன் சாரம். பல தலைமுறையாக இங்கே பிறந்து இறந்தவர்களை வெளியார் என்பது அநீதி என்ற வாதத்தில் வலு உண்டு. அவ்வலுவைக் கொண்டே சென்னையிலிருந்து அண்மையில் வந்தவர்களின் நியமனங்களுக்கும் குடைபிடித்தது அதன் பலவீனம். ஒரு சொல்லின் மயக்கத்தை ஒரு தரப்பு தாக்குதலுக்குப் பயன்படுத்தியது. மறுதரப்பு அதே மயக்கத்தைக் கேடயமாக்கியது.

இரு தரப்பாரின் பூசலுக்கு நடுவே உண்மையில் வெளியே நின்றவர்களின் நிலை அரசின் மறுமொழியில் தெரிந்தது. ஈழவர்கள் உயர்கல்வியையும் அரசுப் பணியையும்விடத் தம் குலத்தொழில்களையே விரும்புகின்றனர் என்ற பொருள்பட அம்மறுமொழி அமைந்தது. திருவனந்தபுரம் பேட்டையில் பிறந்த பல்பு, சாதி காரணமாகத் திருவிதாங்கூரில் மருத்துவக் கல்வி மறுக்கப்பட்டு, சென்னையில் படித்து, மைசூர் அரசில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். மண்ணின் மைந்தனாகிய அவருக்குப் பிழைப்பு மைசூரில். பரதேசி எனப்பட்டவருக்கு இங்கே. 1896இல் 13,176 பேர் கையொப்பமிட்ட ஈழவ மெமோரியல் பல்புவின் தலைமையில் அளிக்கப்பட்டது. முதல் மனுவின் கூட்டணி தன் காரியம் முடிந்ததும் தங்களை மறந்துவிட்டது என்ற கசப்பு அதன் பின்னணியில் இருந்தது. கோயில் நிர்வாகமும் நில வருவாயும் ஒரே துறையில் பிணைந்திருந்தமையால் தீண்டத்தகாதார் என ஒதுக்கப்பட்டோருக்கும் கிறித்தவர்களுக்கும் வருவாய்த் துறையின் கதவு அடைபட்டிருந்தது. தேவஸ்வம் தனியாகப் பிரிக்கப்பட 1922 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்கும் பின்னர்தான் 1930களின் நிவர்த்தனப் போராட்டமும் பணியாளர் தேர்வாணையமும்.

1891ஆம் ஆண்டு மனுக்களின் ஆண்டு மட்டுமன்று. மகாராஜா கல்லூரியின் பழைய மாணவரும் மலையாளி இயக்கத்தின் முக்கிய எழுத்தாளருமான சி. வி. இராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ நாவல் அவ்வாண்டில் வெளிவந்தது. அதே கல்லூரியின் தத்துவப் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ நாடகமும் அவ்வாண்டில் வெளிவந்தது. ஒரே கல்லூரி, ஒரே நகரம், ஒரே ஆண்டு. ஒன்று மலையாளத்தின் முதல் வரலாற்று நாவல், மற்றது தமிழின் புகழ்பெற்ற செய்யுள் நாடகம். இவ்விரு நூல்களையும் ஒருசேர வைத்து எழுதப்பட்ட ஆய்வுகள் அரிது. மலையாளத் துறை ஒன்றை எடுத்துக்கொண்டது, தமிழ்த்துறை மற்றதை எடுத்துக்கொண்டது. இடையே ஒரு நடைபாதைதான் உண்டு என்றாலும் கடப்பாரில்லை. சி. வி.யின் நாவலில் சூழ்ச்சிக்காரனாக வரும் சுந்தரய்யன் தமிழ் பிராமணன். மனு எழுதப்பட்ட காலத்து மனநிலை அப்பாத்திரப் படைப்பில் படிந்திருக்கிறது என்று கருத இடமுண்டு. ஆனால் அந்நாவலின் களத்தில் ஒரு பகுதி இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து மண். அதன் உரையாடல்களில் தமிழ் கலந்தே ஓடுகிறது. தமிழனை வெளியே நிறுத்த விரும்பிய நூல்கூடத் தமிழை வெளியே நிறுத்தி எழுதப்பட முடியவில்லை.

சுந்தரம் பிள்ளையோ ஆலப்புழையில் பிறந்தவர். தமிழ்நாட்டரசு தன் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்ற பாடல் திருவனந்தபுரத்தில் வாழ்ந்த, திருவிதாங்கூரிலேயே பிறந்த ஒருவரின் நாடகத்தில் உள்ளது. அவர் 1894இல் வெளியிட்ட வேணாட்டுப் பழ அரசர் பற்றிய ஆங்கில நூல், கர்ணபரம்பரைக் கதைகளை ஒதுக்கிவிட்டுக் கல்வெட்டுகளைக் கொண்டு திருவிதாங்கூரின் வரலாற்றைக் கட்டத் தொடங்கியது. அவர் படித்த கல்வெட்டுகளில் வட்டெழுத்தும் தமிழும் கண்முன் நின்றன. நாட்டவர் யார் என்று வீதியில் சண்டை நடந்துகொண்டிருக்க, நாட்டின் பழைய ஆவணங்களே எந்த மொழியில் இருக்கின்றன என்பதைச் சத்தமின்றி அச்சேற்றிய நூல் அது. மனுவுக்கு அதைவிடக் கூரிய மறுமொழியை எதிர்மனுவால்கூடத் தர இயலவில்லை என்றே சொல்லலாம்.

நாஞ்சில் நாட்டார் இக்கதையில் பேசத் தொடங்கியது சற்றுப் பிந்தி, வேறொரு முகமாக. திருவனந்தபுரத்தில் பெண்கள் கல்லூரியில் ஆசிரியராயிருந்த தேசிகவிநாயகம் பிள்ளை ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ எழுதித் தம் சமூகத்துச் சொத்துரிமை முறையை நகையாடினார். 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்தது. நாயர்களிடையே நடந்த அதே தாய்வழி உரிமைச் சீர்திருத்தத்தின் தமிழ்ப் பக்கம் இது. மலையாளி என்ற தலைப்பின் கீழ் அடங்காத இச்சமூகம் மலையாளிகளின் சமூக அமைப்பையே கொண்டிருந்தது.

பின்னர் முழக்கம் திசை மாறியது. திருவனந்தபுரத்தில் சட்டம் பயின்ற நேசமணி தலைமையில் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் எழுந்து, 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூட்டைக் கடந்து, 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகியவை சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. செங்கோட்டையும் சேர்ந்தது. கரமனை சேரவில்லை. 1891இல் பரதேசி எனப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இப்போது மொழிச் சிறுபான்மையினர் ஆயினர். வேறு பெயர், வேறு சட்டப்பிரிவு.

பரமேசுவரன் பிள்ளையின் பிற்கால வாழ்வு கேரள வரலாற்று நூல்களில் சுருக்கமாகவே வருகிறது. அவர் சென்னையில் ‘மெட்ராஸ் ஸ்டாண்டர்டு’ இதழின் ஆசிரியரானார். தமிழர் நகரத்தில் வந்தேறிய மலையாளியாக இருந்துகொண்டே அந்நகரின் பொதுக்கருத்தை உருவாக்குவோரில் ஒருவரானார். பல்புவோடு இணைந்து ஈழவர் பிரச்சினையை லண்டன் வரை கொண்டு சென்றார். 1896இல் காந்தி சென்னைக்கு வந்தார். நேட்டாலில் இந்தியர்களை வெளியார் என்று சொல்லி வாக்குரிமை பறிக்கப்படுவதையும், பாலசுந்தரம் போன்ற தமிழ்க் கூலித் தொழிலாளர்கள் அடிபடுவதையும் எடுத்துச் சொல்ல அவருக்கு ஒரு மேடை தேவைப்பட்டது. அந்நகரில் தமக்குப் பேருதவி புரிந்தவர் பரமேசுவரன் பிள்ளையே என்றும், தம் இதழின் பத்திகளை முழுமையாகத் தம் வசம் ஒப்படைத்தவர் அவர் என்றும் காந்தி தம் வாழ்க்கை வரலாற்றில் பதிவு செய்திருக்கிறார். நேட்டாலுக்கும் திருவிதாங்கூருக்கும் இடையே அதிகார அமைப்பு முற்றிலும் வேறு. அங்கே வந்தேறிகள் ஒடுக்கப்பட்டோர், இங்கே அவர்களில் பலர் அலுவலக நாற்காலியில் இருந்தோர். அந்த வேறுபாட்டை அவர் அறியாதவரல்லர். 1903இல், நாற்பது வயது நிறையும் முன்பே, அவர் மறைந்தார்.