பாறசாலைக் குரல் மண்டபம் ஏறிய கதை

புரட்டாசியில் களியக்காவிளை தாண்டிச் சரஸ்வதி வருவாள். பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து யானை மேல் புறப்படுபவள். கம்பர் பூசித்த விக்கிரகம் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. கூடவே வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும். குழித்துறையில் ஓர் இரவு, நெய்யாற்றின்கரையில் ஓர் இரவு, நடுவே பாறசாலை. 1956-இல் மாநில எல்லை இந்தப் பாதைக்குக் குறுக்கே விழுந்தது. பவனி நிற்கவில்லை.

திருவனந்தபுரம் போய், பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய நவராத்திரி மண்டபத்தில் கொலுவிருப்பாள். ஒன்பது மாலையும் கச்சேரி. நாளுக்கொரு ராகமாகத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் செய்துவைத்த ஒன்பது கிருதிகள்: முதல் நாள் சங்கராபரணம், மறுநாள் கல்யாணி. மேலே கவிழ்த்துத் தொங்கவிட்ட மண்பானைகள் குரலை வாங்கி அவைக்கு நிரவித் தரும். அந்தப் பானைகளுக்கு வெகுகாலம் பெண் குரல் தெரியாது. பாட மட்டுமல்ல, உட்கார்ந்து கேட்கவும் பெண்களுக்கு அங்கே இடமிருந்ததில்லை. முந்நூறு ஆண்டு வழக்கம் என்றார்கள். கலைமகள் முன்னாலேயே இப்படி ஒரு வழக்கம்!

பாடகி பொன்னம்மாள் 1924-இல் பாறசாலையில் பிறந்தவர். சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியின் முதல் மாணவி. பின்னர் அங்கேயே முதல் பெண் ஆசிரியர். திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. இசைக் கல்லூரிக்கு முதல் பெண் முதல்வர். நெய்யாற்றின்கரை வாசுதேவன், எம்.ஜி. ராதாகிருஷ்ணன் எல்லாம் இவரிடம் படித்தவர்கள்தான். இத்தனை வாசல்கள் திறந்தும் அந்த ஒரு வாசல் மட்டும் திறக்கவில்லை. சுவாதித் திருநாள் பேரில் உள்ள கல்லூரியில் பாடம் சொன்னவர், அந்த மன்னரின் கிருதிகள் ஒலிக்கும் மண்டபத்துக்கு வெளியே நின்றார்.

பெண் குரலுக்குத் தடை இங்கே மட்டுமல்ல. ஈரானில் 1979 புரட்சிக்குப் பிறகு, ஆண்கள் இருக்கும் சபையில் பெண் தனித்துப் பாடக் கூடாது. 2024 டிசம்பரில் அந்நாட்டுப் பாடகி பரஸ்து அஹ்மதி, ஆளில்லாத பழைய சத்திரமொன்றில் பாடி யூடியூபில் ஏற்றினார்; வழக்குப் பாய்ந்தது, பிடித்துக்கொண்டு போனார்கள். நம் மண்டபத்தில் சிறையில்லை, போலீஸ் இல்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனால் ஈரானில் எதிர்த்து நிற்க ஓர் ஆணையாவது உண்டு. வழக்கம் என்று வந்துவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? கேட்கத் தோன்றாமலே தலைமுறைகள் போய்விடுகின்றன. அதுதான் எனக்கு ஆறவில்லை.

கேட்டவர் திருவிதாங்கூர் அரச குடும்பத்துக்குள்ளேயே இருந்தார். பாடகரான ராம வர்மா, குருவுக்குரிய மரியாதையோடு பொன்னம்மாளை அழைத்தார். 2006 நவராத்திரியில், 82-ஐத் தொடும் வயதில், அவர் மண்டபத்தில் அமர்ந்தார். அவையிலும் பெண்கள். பாதி வாழ்நாளுக்கு முன்பே நடந்திருக்க வேண்டிய கச்சேரி. அவருடைய இளங்குரலை மண்டபம் கடைசிவரை கேட்கவே இல்லை.

2017-இல் பத்மஸ்ரீ வந்தது. 2021 ஜூனில், 96 வயதில் பொன்னம்மாள் மறைந்தார். 2006-இல் அந்த மண்டபத்தில் அவர் தனியாகப் பாடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிய இடங்களில் குரல் கொடுத்தவர் அவருடைய இளம் சிஷ்யை, அமிர்தா வெங்கடேஷ்.