கொட்டை எழுத்து

தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று எந்த ஊரில் இறங்கினாலும் கண்ணில் முதலில் படுவது கொட்டை எழுத்துதான். காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, சித்திரைத் திருவிழா, ஜனவரி 15 வந்தால் முல்லைப் பெரியாறு அணை கட்டிய பென்னிகுயிக்கின் பிறந்தநாள் என எல்லாவற்றுக்கும் ஃப்ளெக்ஸ் உண்டு. அதில் பெயர் கொட்டை கொட்டையாக விழவில்லை என்றால் போட்டவருக்கே மனசு ஆறாது. அச்சுக்காரர்கள் ‘டிஸ்பிளே’ என்பதைத்தான் ஊர் இப்படிச் சொல்கிறது.

கொட்டை என்றால் முதலில் வித்து. புளியங்கொட்டை, மாங்கொட்டை, பருத்திக்கொட்டை, தென் மாவட்டத்தில் ஆமணக்குக்கு வழங்கும் கொட்டைமுத்து. தாமரையின் நடுவே இருக்கும் பொகுட்டும் கொட்டைதான். உருண்டு திரண்டு, கைக்கு அகப்படும்படி இருப்பது என்ற பொருள் எல்லாவற்றிலும் ஓடுகிறது. எழுத்துக்கு இந்த அடைமொழி வந்ததும் அந்தப் பருமனால்தான்.

பழைய பொருள் இன்னொன்று உண்டு. எனக்கு அதுதான் பிடித்தது. பொருநராற்றுப்படையில் கரிகாலன் பொருநனுக்குப் பட்டாடை கொடுக்கிறான். அதன் கரையில் நூல் பிரியாமல் போட்ட முடிச்சுக்கு முடத்தாமக்கண்ணியார் ஆளும் சொல் கொட்டை. ஆங்கில எழுத்தில் கோடு முடியும் இடத்தில் சின்னப் பாதம் வைத்து முடிப்பார்களே, செரிஃப், அதற்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறவர்கள் இந்தப் பட்டின் கரையை ஒருமுறை பார்க்கலாம்.

தமிழ் எழுத்துக்குப் பிறவியில் அந்தப் பாதம் கிடையாது. எழுத்தாணி ஓலையில் கீறும் கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிமன். கொல்லத்தில் 1578-ல் 16 பக்கங்களில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலின் எழுத்துகளும் ஓலைக் கையெழுத்தின் சாயல்தான். அதில் மெய்க்குப் புள்ளிகூட இல்லை. ஐரோப்பாவில் கதை வேறு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் லாட்டரி போன்ற விளம்பரங்களுக்காக தண்டு பருத்து, பாதம் மெலிந்த எழுத்துகளை வார்த்தார்கள். தூரத்தில் போகிறவனை நிறுத்திக் கூப்பிடுவதே அவற்றின் வேலை. தடித்தும் மெலிந்தும் ஓடும் அந்த நடை பிறகு தமிழ் ஈய எழுத்துக்கும் வந்தது. 72 பாயிண்ட் ஓர் அங்குலம். அதற்கு மேல் வேண்டுமென்றால் மர எழுத்து, இல்லையேல் ஓவியரை எழுதவைத்து பிளாக் செய்வார்கள்.

சரி, தமிழில் பாதத்தை எங்கே வைப்பது? ‘கம்பம்’ என்று எழுதிப் பாருங்கள். க, ம, ப மூன்றிலும் நிமிர்ந்த தண்டு இருக்கிறது. ப-வின் மேல்முனை இரண்டிலும் தொப்பி வைக்கலாம். பேருக்கேற்ப எழுத்தும் தூண் மாதிரி நிற்கும். ‘தேனி’ அப்படி மசியாது. கொம்பு சுழல்கிறது, த-வின் வால் சுழல்கிறது, ன-வுக்கு இரண்டு சுழி, மேலே விசிறி. பாதம் வைக்கத் தோதான முனையே குறைவு. கைதேர்ந்தவர்கள் பாதத்தை விட்டுவிட்டுச் சுழியைத் துளி போல நிரப்பினார்கள். அலங்காரம் அங்கே போய் உட்கார்ந்தது. சுவரில் இரண்டடி உயரத்தில் அது அழகு. அதையே சுருக்கி அழைப்பிதழின் உள்வரியில் போட்டால் நிரம்பிய சுழிகள் ஒட்டிக்கொண்டு, ண எது, ன எது என்று மூக்குக்கண்ணாடியைத் தேட வேண்டியதுதான்.

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்பு ‘மேகமலை’ எழுதியவருக்கு ‘லை’யில் யானைத் துதிக்கை ஒன்று இனாமாகக் கிடைத்தது. படிப்பதற்கு இன்றைய வடிவம் எளிது, சந்தேகமில்லை. படம் வரைகிறவனுக்குத்தான் நட்டம்.

இதே தேனி வட்டாரத்தில் பருமனை வைத்துப் பிழைக்கிற இன்னொரு தொழில் ஏலக்காய். போடியில் சல்லடை போட்டுத் தரம் பிரிக்கிறார்கள். 8 மில்லிமீட்டர் காய்க்குத் தனி மவுசு. மூட்டையில் விழும் தரப்பெயர்களில் ஒன்று ஏ.ஜி.இ.பி., அதாவது ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்ட். கணினியில் எழுத்துரு தேர்ந்தெடுக்கும்போது வரும் ‘எக்ஸ்ட்ரா போல்ட்’ இதேதான்! காயின் உள்ளே இருப்பதை மட்டும் யாரும் கொட்டை என்பதில்லை. அது ஏலரிசி.

இன்று நோட்டோ செரிஃப் தமிழ், அரிமா மதுரை என்று இலவச எழுத்துருக்கள் கிடைக்கின்றன. முதலாவது புத்தகத்துக்கே ஆகும் அடக்கமானது, இரண்டாவது தலைப்புக்கு. கையால் சுவரெழுதியவர்களின் இடத்தை ஃப்ளெக்ஸ் பிடித்துக்கொண்டது. வசதி கூடியிருக்கிறது, அடக்கம் கூடவில்லை. எல்லா வரியும் கொட்டை, எல்லாவற்றுக்கும் நிழல், அதன்மேல் தங்க முலாம். எல்லாரும் கத்துகிற சந்தையில் யார் விலை சொன்னார் என்று தெரியுமா?

வீட்டு விசேஷத்துக்குப் பத்திரிகை அடிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். குலசாமி பெயரும் பிள்ளை பெயரும் எவ்வளவு பெரிய கொட்டை எழுத்தில் வேண்டுமானாலும் இருக்கட்டும். தேதி, நேரம், மண்டபம் மூன்றையும் நிழலும் பூவும் இல்லாமல், சாதாரண எழுத்தில் 14 பாயிண்டுக்குக் குறையாமல் போடச் சொல்லுங்கள்.