மணற்பெட்டியும் கடவுளின் ஆசனமும்: படைப்பு விளையாட்டுக்களின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

விளையாட்டு என்றதும் வெற்றி, தோல்வி என்னும் இரண்டுமே பெரும்பாலாரின் நினைவுக்கு வருவன. ஆயின் சிறுவர் மணலிலே வீடுகட்டி விளையாடுமிடத்து வென்றவரும் இல்லை, தோற்றவரும் இல்லை. தமிழிலக்கியம் அம்மணல்வீட்டைச் சிற்றில் என்று அழைத்தது. ஆண்பாற் பிள்ளைத்தமிழிலே சிற்றில் ஒரு தனிப்பருவமாகவே அமைந்துள்ளது. சிறுமியர் கட்டிய சிற்றிலைப் பாட்டுடைத் தலைவனாகிய குழந்தை சிதைக்க வருவதும், சிதைக்கவேண்டா என அவர்கள் இரந்து நிற்பதும் அப்பருவத்தின் பொருளாகும். அத்தலைவன் பல நூல்களிலே கடவுளாகவே இருப்பது கருதத்தக்கது. கட்டுதல், குலைத்தல் ஆகிய இவ்விரு இன்பங்களையும் கணினித் திரைக்குக் கொண்டுவந்த விளையாட்டுக்களே மேனாட்டில் மணற்பெட்டி விளையாட்டு எனவும் கடவுள் விளையாட்டு எனவும் பெயர்பெற்றன. இவற்றின் கவர்ச்சி எதனின்று பிறக்கின்றது, அக்கவர்ச்சியினுள்ளே மறைந்து கிடப்பது யாது என்பன வரலாற்றடிப்படையில் நோக்கற்பாலன.

இவ்விளையாட்டுக்களின் தொடக்கம் களியாட்டக் கூடங்களில் அன்று, வகுப்பறையிலும் ஆய்வுகூடத்திலுமே நிகழ்ந்தது. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலே, மேபல் அடிஸ் என்னும் ஆரம்பப் பாடசாலை ஆசிரியை, ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த வில்லியம் மக்கேயின் துணையுடன் 1964 ஆம் ஆண்டிலே சுமேரிய விளையாட்டு என்பதனை உருவாக்கினார். மாணவன் பண்டைய லகாஷ் நகரின் ஆட்சியாளனாகின்றான். விளைந்த தானியத்தில் எவ்வளவை மக்களுக்கு உணவாக வழங்குவது, எவ்வளவை விதைப்பது, எவ்வளவைச் சேமிப்பது என்பன அவன் தீர்மானிக்கவேண்டியவை. அவ்விளையாட்டு எழுத்துக்களையே அடிப்படையாகக் கொண்டது. எனினும் ஒருவனுடைய தீர்மானத்தால் ஒரு சமூகம் வளரவும் பட்டினியால் அழியவும் கூடும் என்ற அனுபவம் அதிலே முதன்முறையாகக் கணினிவழி வாய்த்தது. இதன் கருவைத் தழுவி 1968 இல் டக் டைமன்ற் எழுதிய சிறு செய்நிரல், பின்னர் ஹமுறாபி என்ற பெயருடன் டேவிட் ஆல் 1973 இல் வெளியிட்ட கணினி விளையாட்டுத் தொகுப்பு நூலில் இடம்பெற்றுப் பலரிடமும் பரவியது.

இக்காலப்பகுதியிலேயே வேறிரு சிந்தனைகள் தோன்றின. மாசச்சூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் பேராசிரியர் ஜே பொறஸ்ரர், நகரமொன்றின் வளர்ச்சியையும் தேய்வையும் ஒன்றையொன்று தூண்டியும் தடுத்தும் இயங்கும் காரணிகளின் தொகுதியாகக் கொண்டு, நகர இயக்கவியல் பற்றிய தமது நூலை 1969 இல் வெளியிட்டார். கேம்பிறிட்ஜ் கணிதவியலாளர் ஜோன் கொன்வே உருவாக்கிய வாழ்வு விளையாட்டை மாட்டின் காட்னர் 1970 ஒக்ரோபரில் அமெரிக்க அறிவியற் சஞ்சிகையொன்றின் வாயிலாக உலகறியச் செய்தார். கட்டங்களாலாகிய ஒரு பரப்பிலே, உயிருள்ள கட்டமொன்று அயலில் இரண்டு அல்லது மூன்று உயிர்க்கட்டங்கள் இருப்பின் நிலைக்கும். வெறுங்கட்டம் அயலில் மிகச்சரியாக மூன்று இருப்பின் உயிர்பெறும். ஏனையவை மடியும் அல்லது வெறுமையாகவே இருக்கும். இவ்வளவே விதி. ஆயினும் இதனின்று நகர்வனவும் துடிப்பனவும் பிறவற்றைத் தோற்றுவிப்பனவுமாக எண்ணிறந்த வடிவங்கள் எழுந்தன. எளிய விதியினின்று எதிர்பாராப் பெருக்கம் பிறக்கும் என்னும் இவ்வுண்மையே பின்வந்த படைப்பு விளையாட்டுக்கள் பலவற்றின் உயிர்நிலை எனலாம்.

வீட்டுத் தொலைக்காட்சியிலே விளையாடப்பட்டவற்றுள், டொன் டக்லோ ஆக்கிய யுற்றோப்பியா (1982) இவ்வழியில் ஒரு மைல்கல். இருவர் தத்தமக்குரிய தீவினை ஆள்வர். பயிர், மீன்பிடி, வீடு, பாடசாலை ஆகியவற்றைப் பேணத் தவறின் கலகக்காரர் தோன்றுவர். எனினும் இறுதியிலே புள்ளிக் கணக்கே முடிவு செய்தது. அப்புள்ளிக் கணக்கையும் துறந்த துணிவு வில் றைற் என்பவருடையது. 1984 இல் வெளிவந்த குண்டுவீச்சு விளையாட்டொன்றை ஆக்கியபோது, தீவுகளைத் தகர்ப்பதினும் அத்தீவுகளையும் வீதிகளையும் வரைவதே தமக்கு இன்பந் தருவதை அவர் உணர்ந்தார். பொறஸ்ரரின் நூலையும் கற்றார். அவ்வாறு பிறந்த சிம்சிற்றியை வெளியிட அவரது முன்னைய பதிப்பாளர் தயங்கினர். வெல்லவும் தோற்கவும் இயலாததொன்றை எவர் வாங்குவர் என்பதே தயக்கத்தின் காரணம். ஜெப் பிறவுன் என்பவருடன் இணைந்து 1987 இல் மக்ஸிஸ் நிறுவனத்தைத் தொடங்கிய பின்னரே, 1989 இல் அது வெளிவந்தது.

அதே 1989 இல் இங்கிலாந்தின் கில்ட்போர்ட் நகரிலிருந்து பீற்றர் மொலினியூவும் அவர்தம் குழுவினரும் ஆக்கிய பொப்பியுலஸ் வெளிவந்தது. கடவுள் விளையாட்டு என்ற வகைப்பெயர் நிலைபெற இதுவே காரணமாயிற்று. இதிலே ஆடுபவர் மனிதரை நேரே ஏவ முடியாது. நிலத்தை உயர்த்தவும் தாழ்த்தவுமே முடியும். நிலம் சமமானால் மக்கள் வீடமைத்துப் பெருகுவர். அவர்தம் வழிபாட்டினாற் கடவுளின் ஆற்றல் வளரும். வெள்ளம், நிலநடுக்கம், எரிமலை ஆகியவற்றை எதிர்க்கடவுளின் அடியார்மீது ஏவலாம். திரையில் நடமாடிய சிறுமனிதர் தடைகளைக் கண்டு வழிதெரியாது நின்றமையால், அவர்களுக்கு வழிகாட்டும் செய்நிரலை எழுதுவதற்குப் பதிலாக நிலத்தையே மாற்றும் வசதியைத் தாம் அமைத்ததாக மொலினியூ பிற்காலத்திற் கூறியுள்ளார். ஒரு தொழினுட்பக் குறைபாடே தெய்வத்தன்மையாக மாறியமை இவ்வரலாற்றின் சுவையான திருப்பங்களுள் ஒன்று.

இவற்றின் கவர்ச்சி முழுமையான அதிகாரத்தினின்று பிறப்பதாகப் பொதுவாகக் கூறப்படுவதுண்டு. அது பாதி உண்மையே. நினைத்தவை அனைத்தும் நினைத்தவாறே நிகழும் உலகிலே வெறும் ஏவலே எஞ்சும். அங்கே படைப்பின்பம் தோன்றாது. சிம்சிற்றியிலே வீதியை அமைப்பவர் ஆடுபவர். ஆனால் நெரிசல் தானே தோன்றுகின்றது. குடியிருப்பு, வர்த்தகம், கைத்தொழில் என நிலத்தைப் பிரிப்பவர் அவரே. ஆனால் மாளிகை எழுவதும் பாழ்வீடு நிற்பதும் அவர் கையில் இல்லை. தன் கையாற் செய்தது தன்னை மீறி உயிர்பெறும் வேளையிலே ஏற்படும் வியப்பே இவ்வின்பத்தின் ஊற்று. எழுத்தாளனும் சிற்பியும் அறிந்த அனுபவந்தான் அது. கலைப்பயிற்சி இல்லாதார்க்கும் அதனை அணுகக்கூடியதாக்கியமையே இவ்விளையாட்டுக்களின் சாதனை.

ஆயினும் ஒரு வினா எஞ்சுகின்றது. அவ்வுலகின் விதிகளை வகுத்தவர் யார்? பொறஸ்ரரின் மாதிரி, மலிவான வீடுகளைக் கட்டுதல் நகரின் நலிவை மிகுவிக்கும் என்ற முடிவைத் தந்தபோது, அம்முடிவு உண்மை நகரினின்றா, அவர் கொண்ட எடுகோள்களினின்றா பிறந்தது எனத் திறனாய்வாளர் கேட்டனர். அதே கேள்வி சிம்சிற்றிக்கும் பொருந்தும். வீடும் கடையும் ஒரே கட்டடத்தில் அமையும் வழமை அதிலே இல்லை. இனப் பாகுபாடு என ஒன்று நகரங்களைப் பிளந்ததற்கான சுவடும் இல்லை. ஆடுபவர் விதிகளைக் கற்று வெல்லக் கற்கையில், அவ்விதிகளையே சமூகத்தின் இயல்பென நம்பிவிடக்கூடும். 2010 இல் பிலிப்பைன்ஸ் நாட்டுக் கட்டடக்கலை மாணவர் ஒருவர் சிம்சிற்றி 3000 என்பதிலே 60 இலட்சம் மக்கள் செறிந்த நகரமொன்றை அமைத்துக் காட்டினார். ஒழுங்கு குறைவற்றது, பொலிஸ் காவல் எங்கும் நிறைந்தது, குடிமக்களோ ஐம்பது வயதளவிலேயே மடிந்தனர். திறனையும் கட்டுப்பாட்டையும் மட்டும் தேடும் ஆட்சி எங்கு சென்று முடியும் என்பதை அவ்வுலகின் விதிகளைக் கொண்டே அவர் அம்பலப்படுத்தினார். விளையாட்டு அங்கே விமர்சனமாயிற்று.

சுவீடனைச் சேர்ந்த மார்க்கஸ் பேர்சன் 2009 இல் முதன்முதலாக வெளிப்படுத்தி, 2011 இல் முழுவடிவம் பெற்ற மைன்கிராப்ற் இவ்வரலாற்றிலே மற்றொரு திசையைத் திறந்தது. இங்கே ஆடுபவர் வானிலிருந்து நோக்கும் கடவுள் அல்லர். மண்ணில் நின்று கல்லும் மரமும் வெட்டிச் சேர்க்கும் உழைப்பாளி. தனியொருவரின் ஆசனம் பலர் கூடிக் கட்டும் களமாயிற்று. 2023 அளவில் 30 கோடிக்கு மேற்பட்ட பிரதிகள் விற்கப்பட்டிருந்தன. ஐக்கிய நாடுகளின் மனித குடியிருப்பு அமைப்பு 2012 முதல், பொதுவிடங்களை மீளமைக்கும் திட்டங்களிலே அங்கு வாழும் மக்களே தம் விருப்பத்தை வடித்துக்காட்ட இதனைப் பயன்படுத்தலாயிற்று. எல்லைகளற்ற செய்தியாளர் அமைப்பு 2020 மார்ச்சில் இவ்வுலகினுள்ளே நூலகமொன்றை நிறுவி, தத்தம் நாட்டிலே தடைசெய்யப்பட்ட பத்திரிகையாளரின் எழுத்துக்களை அங்கு நூல்களாக வைத்தது. தணிக்கையாளர் காணாத இடத்திலே சிறுவரின் விளையாட்டுக் கட்டைகள் கருத்துச் சுதந்திரத்துக்கு அரணாயின.

எனினும், கட்டுவோர் கோடிக்கணக்கினராயினும் களத்துக்கு உரியவர் ஒருவரே. மைக்ரோசொப்ற் நிறுவனம் 2014 இல் இவ்விளையாட்டை ஆக்கிய நிறுவனத்தை 250 கோடி டொலருக்கு வாங்கியமை அதனைத் தெளிவாக்கும். இதற்கு மாறான நிகழ்ச்சி 2008 இல் நடந்தது. முதலாவது சிம்சிற்றியின் மூலச் செய்நிரல் மைக்ரோபொலிஸ் என்ற பெயரில் எவரும் படிக்கவும் மாற்றவும் கூடியதாக வெளியிடப்பட்டது. ஆடுபவர் நகரத்தை மட்டுமன்றி, நகரம் எவ்வாறு இயங்கவேண்டும் என்ற விதியையும் திருத்த வழி பிறந்தது. மணலைத் தருவது ஒன்று. மணற்பெட்டியின் பலகைகளைக் கழற்றிப் பார்க்கவிடுவது வேறொன்று. தமக்கு வழங்கப்பட்ட விதிகளுக்குள் திறம்படக் கட்டுவோர் வினைஞர். அவ்விதிகள் எவர் நலனுக்காக எழுதப்பட்டன என்று கேட்டு அவற்றை மாற்ற முனைவோரே படைப்பாளர். திரையிலுள்ள நகரத்துக்குப் பொருந்தும் இவ்வேறுபாடு, திரைக்கு வெளியே உள்ள நகரத்துக்கும் பொருந்தும்.