புது எஞ்சினைப் பழக்குற கதை

போன மாசம் எங்க அண்ணன் மகன் கோயமுத்தூர்ல புதுக் கார் எடுத்தான். சாவி கொடுத்த பையன், "இப்பல்லாம் ரன்னிங் இன் எதுவும் கிடையாதுங்க சார், மொத நாளே அமுக்கி ஓட்டலாம்"னு சொல்லி அனுப்பியிருக்கான். ஊருக்கு வந்தா, நாப்பது வருசம் லாரி ஓட்டின பெரியவர் ஒருத்தர் திண்ணையில உக்காந்துக்கிட்டு, "ரெண்டாயிரம் கிலோமீட்டருக்கு அம்பதைத் தாண்டாத தம்பி"ங்கறார். "யார் சொல்றது சரி சித்தப்பா?"னு என்கிட்ட வந்து நின்னான். ரெண்டு பேர் சொல்றதும் பாதிதான் சரின்னேன். மிச்சப் பாதியை எங்க வீட்டுல காசு செலவழிச்சுத்தான் கத்துக்கிட்டோம். அதுக்கு முன்னாடி கொஞ்சம் பழைய கதை.

அந்தக் காலத்து எஞ்சின் தொழிற்சாலையை விட்டு வரும்போது முழுசா முடிஞ்ச பொருள் இல்லைங்க. கிராங்க் தண்டு சுத்துற பேரிங்கை, ஈயம், வெள்ளீயம் மாதிரி மெத்துனு இருக்கற உலோகத்தை உருக்கி ஊத்திச் செய்வாங்க. அப்புறம் ஒரு ஆள் உக்காந்து கையால சுரண்டிச் சுரண்டித் தண்டுக்குப் பொருத்துவான். 1908ல ஃபோர்டு கம்பெனி மாடல் டி காரைக் கொண்டு வந்துச்சு. எண்ணிக்கை ஏற ஏற, அப்படிச் சுரண்டிட்டு இருக்க நேரம் ஏது? புது எஞ்சினை வெளியில இருந்து மோட்டார் வச்சுச் சுத்தவிட்டு, பேரிங்கைப் படிய வச்சாங்க. மிச்சத்தை வாங்கினவன் ரோட்டுல ஓட்டித்தான் முடிக்கணும்.

இங்கிலாந்துல புதுக் கார் எடுத்தவங்க பின்பக்கக் கண்ணாடியில ஒரு அட்டை ஒட்டிக்குவாங்க. 'ரன்னிங் இன், ப்ளீஸ் பாஸ்'. எஞ்சினைப் பழக்கிட்டு இருக்கேன், நீங்க முந்திப் போங்கன்னு அர்த்தம். அந்தக் காலத்துல மாரிஸ், ஆஸ்டின் கார் செஞ்ச பிஎம்சி கம்பெனியோட கையேட்டுல முதல் 500 மைலுக்கு மூணு விதி போட்டிருப்பாங்க. மணிக்கு 45 மைலைத் தாண்டாதே, அதாவது 72 கிலோமீட்டர். எந்த கியர்லயும் ஆக்ஸிலரேட்டரை முழுசா அமுக்காதே. எந்த கியர்லயும் எஞ்சினைத் திணற விடாதே. நம்ம அம்பாசடர் அந்த மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுல இருந்து வந்த வண்டிதான். அந்த வழியிலதான் நம்ம டிரைவர்மாருக்கும் இந்தப் பாடம் வந்திருக்கணும். ஆனா வந்து சேர்ந்தது முதல் விதி மட்டும்தான். மூணாவதை எல்லாரும் மறந்துட்டாங்க. டாப் கியர்ல முப்பதுல உருட்டிட்டுப் போய், "ரன்னிங்ல இருக்கு, அதான் மெதுவா"ன்னா, எஞ்சின் திணறிக்கிட்டுத்தான் போகும்.

இப்ப எங்க வீட்டுக் கதைக்கு வர்றேன். எனக்குப் பதிமூணு வயசு இருக்கும்போது எங்கப்பா கடன் வாங்கி 5 குதிரை சக்தி டீசல் எஞ்சின் ஒண்ணு வாங்கினாரு. பொட்டு வச்சு, எலுமிச்சம்பழம் வெட்டி எறக்கினோம். அவருக்கு அது குழந்தை மாதிரி. "புதுசுல பாரம் ஏத்தக் கூடாது"னு யாரோ சொன்னதைக் கேட்டு, பெல்ட்டைக் கழட்டிட்டு, தினமும் சாயங்காலம் மூணு மணி நேரம் சும்மாவே ஓட விட்டாரு. பத்துப் பன்னெண்டு நாள் அப்படி. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டே கயித்துக் கட்டில்ல உக்காந்திருப்பாரு.

மஞ்சள் காட்டுக்குத் தண்ணி விட வேண்டிய நேரம் வந்தப்பத்தான் தெரிஞ்சது. நீலமா புகை. ரெண்டு நாளைக்கு ஒருதரம் ஆயில் குறையுது. பம்பை இழுக்கத் திராணி இல்ல. டவுன்ல இருந்து மெக்கானிக் வந்து எஞ்சினைப் பிரிச்சாரு. லைனர் உள்பக்கம் கண்ணாடியாட்டம் மின்னுச்சு. எங்கப்பாவுக்கு ஒரே சந்தோசம், "பாருங்க, எவ்வளவு வழவழன்னு இருக்கு!" மெக்கானிக் தலையில கைய வச்சுக்கிட்டாரு. "வழவழன்னு இருக்கறதுதாங்க நோவே"ன்னாரு.

அம்மி அரைச்சவங்களுக்கு இது சட்டுனு புரியும். வழவழன்னு தேஞ்ச அம்மியில மிளகா வழுக்கும், அரைபடாது. அதுக்குத்தான் வருசா வருசம் கல் கொத்துறவரைக் கூப்பிட்டுக் கொத்தி வைக்கறது. சிலிண்டர் சுவத்துலயும் குறுக்கும் நெடுக்குமா மெல்லிசாக் கோடு போட்டுத்தான் அனுப்புவாங்க. ஹோனிங்னு பேர். அந்தக் கோட்டுக்குள்ள ஆயில் தங்கும். கோட்டோட மேட்டுல ரிங் உரசி உரசி, ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பொருந்திக்கும். ரிங் சுவத்தோட ஒட்டணும்னா அதுக்குப் பின்னால வெடிக்கற காத்தோட அழுத்தம் வேணும். பாரம் இருந்தாத்தான் அந்த அழுத்தம் வரும். சும்மா ஓட்டினா ரிங் ஒட்டாது. ஆயில் மேல ஏறி, கருகி, அந்தக் கோட்டையெல்லாம் பூசி மெழுகிடும்.

மெக்கானிக் உப்புத்தாள் வச்சு லைனரைக் குறுக்குக் குறுக்கா தேச்சு, கழுவி, புது ரிங் போட்டாரு. "நாளைக்கே பெல்ட்டை மாட்டித் தண்ணி இறைங்க, நடுவுல நடுவுல ஆற விடுங்க"ன்னாரு. அந்தச் செலவுக்கு ரெண்டு வெள்ளாட்டுக் குட்டி போச்சு. அதுல ஒண்ணு நான் வளர்த்தது.

எங்கப்பாவை மட்டும் குத்தம் சொல்ல முடியாதுங்க. மெதுவா ஓட்டினா நல்லதுன்னு இன்னைக்கும் ஊரே நம்புது. ஆனா விமானத்துக்கு எஞ்சின் செய்யற லைகோமிங் கம்பெனி, புது எஞ்சினை முதல் 50 மணி நேரம், இல்லேன்னா ஆயில் குறையறது ஒரு நிலைக்கு வர்ற வரைக்கும், 65ல இருந்து 75 சதவீத சக்தியில பறக்க விடச் சொல்லுது. ஜான் டீரே டிராக்டர் எஞ்சினுக்கு, பழக்குற காலத்துக்குன்னே தனி ஆயில் உண்டு. நல்லா பாரம் கொடு, சும்மா நிறுத்தி உறும விடாதேங்கறாங்க.

சரி, அண்ணன் மகனோட காருக்கு வருவோம். அந்தச் சாவிப் பையன் முழுப்பொய் சொல்லலை. இப்ப ஹோனிங் ரெண்டு தடவையா நடக்குது. முதல்ல ஆழமாக் கோடு போட்டுட்டு, அப்புறம் அந்தக் கோட்டோட மேட்டை மட்டும் சீவிடறாங்க. பழைய வண்டியில ரிங் நூத்துக்கணக்கான கிலோமீட்டர் ஓடித் தேய்க்க வேண்டியதை, தொழிற்சாலைக் கல்லே தேச்சு அனுப்பிடுது. ரிங்கும் மெல்லிசு, ஆயிலும் நல்ல ஆயில். ஆனா பல தொழிற்சாலைல இப்ப புது எஞ்சினைப் பெட்ரோல் ஊத்தி ஓட்டிப் பார்க்கறதே இல்ல. மோட்டாரால சுத்தவிட்டு அளவெடுத்துட்டு அனுப்பிடறாங்க. அப்போ பாரம் சுமக்கற முதல் வேலை நம்ம கையிலதானே நடக்குது?

அதனாலதான் பல கார் கையேட்டுல முதல் 1,000 கிலோமீட்டருக்குன்னு இன்னும் ஒரு பக்கம் இருக்கு. ஆக்ஸிலரேட்டரை முழுசா அமுக்காதே, ஒரே வேகத்துல ரொம்ப நேரம் போகாதே, புது பிரேக்கைத் திடீர்னு அழுத்தாதே. பிஎம்டபிள்யூவோட எம் வகைக் காரை 2,000 கிலோமீட்டர்ல வரச் சொல்லி ஆயில் மாத்தறாங்க. அவ்வளவு விலைக்கு விக்கற வண்டிக்கே பழக்கம் வேணும்னா நம்ம வண்டிக்கு வேண்டாமா? முதல் ஆயிலை மட்டும் அவசரப்பட்டு மாத்த வேண்டாம், கையேடு சொல்ற நேரத்துல மாத்தினாப் போதும்.

எண்பதுல போலாமா சித்தப்பான்னான். போ, ஆனா மணிக்கணக்கா எண்பதுலயே போகாத, ஏத்தி எறக்கிப் போன்னேன். பைபாஸ் வேண்டாம்னு ஆழியார் வழியா வால்பாறைக்குக் கிளம்பிட்டான், நாப்பது கொண்டை ஊசி வளைவு. கியர் மாத்தி மாத்திக் கை வலிக்குதுன்னு மேல போய் போன் பண்ணினான்.

அந்த டீசல் எஞ்சின் அதுக்கப்புறம் பல வருசம் தண்ணி இறைச்சது. இலவசக் கரண்ட் வந்த பிறகும் எங்கப்பா அதை விக்க விடலை. மோட்டார் ரூம் பக்கத்துல, புங்க மரத்தடியில இன்னும் கிடக்குது. மழைக்கு மேல ஒரு தகரம் போட்டு வச்சிருக்கேன்.