எதிராளி மரம்

கையை விட்டுப் போன நொடியிலேயே தெரிந்துவிட்டது. இருபதடி தள்ளி நின்ற ஓக் மரத்தில் 'டொக்'கென்று மோதி, என் டிஸ்க் நான் நின்ற இடத்துக்கே உருண்டு வந்தது. பின்னால் காத்திருந்த வெள்ளைக்காரப் பெரியவருக்கு எழுபது வயதிருக்கும். அவர் சிரிக்கவில்லை. "அந்த மரத்துக்கு இன்னொரு பெரிய கிளை இருந்தது. அது விழுந்ததிலிருந்து இந்த ஹோல் ரொம்ப சுலபமாகிவிட்டது" என்றார், துக்கம் விசாரிக்கிற குரலில். எனக்கு எரிச்சல். இதுதான் சுலபமா?

லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வடக்கே, பாசடீனாவை ஒட்டிய மலையடிவாரத்தில் இருக்கிறது ஹஹமோங்னா பூங்கா. பழைய பெயர் ஓக் க்ரோவ் பார்க். டிஸ்க் கோல்ஃபின் முதல் நிரந்தரக் களம் 1975இல் இங்கேதான் அமைந்தது. ஆட்டம் தெரியாதவர்களுக்கு: கோல்ஃபேதான். பந்துக்குப் பதில் தட்டு, குழிக்குப் பதில் கூடை. குறைந்த வீச்சில் முடிப்பவர் ஜெயிப்பார். மைதானம் என்றதும் பச்சைப் புல்வெளியைக் கற்பனை செய்துகொண்டு போனேன். இங்கே இருப்பது மரங்களும் அவற்றுக்கு நடுவே சந்துகளும்தான்.

அமைத்தவர் எட் ஹெட்ரிக். ஃப்ரிஸ்பி தயாரித்த வாம்-ஓ கம்பெனிக்காரர். அந்தத் தட்டின் மேல் மெல்லிய வளைய வரிகளை வைத்து அதைத் தள்ளாடாமல் பறக்கவைத்ததற்கு 1967இல் காப்புரிமை வாங்கியவர். ஓக் க்ரோவில் முதலில் இலக்காக இருந்தவை வெறும் கம்பங்கள். பட்டதா, உரசியதா, படவே இல்லையா? ஆளுக்கொரு சாட்சி. கல்லி கிரிக்கெட்டில் அவுட்டா இல்லையா என்று சட்டையைப் பிடிப்போமே, அதே கதைதான். அந்தச் சண்டைக்கு ஹெட்ரிக் கண்ட தீர்வுதான் இன்று உலகெங்கும் நிற்கிற சங்கிலிக் கூடை. தட்டு சங்கிலியில் மோதி 'ஜலீர்' என்று வேகமிழந்து கீழே கூடையில் விழும். அப்புறம் யார் வாதாட முடியும்? 1976இல் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கான சங்கத்தையும் அவரே தொடங்கினார். உறுப்பினர் எண் 1, அவர்தான். கூடைக்குக் காப்புரிமை கிடைத்தது 1977இல். பூங்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஜேபிஎல் ஆய்வகம் கட்டிய வாயேஜர் விண்கலங்கள் கிளம்பியதும் அதே வருடம். இரண்டையும் ஒப்பிடுவது அபத்தம்தான், ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.

அதன் பிறகு தட்டு மாறியது. 1983இல் இன்னோவா கம்பெனி விளிம்பைச் சாய்த்துக் கூராக்கிய டிஸ்க்கைக் கொண்டுவந்தது. காற்றைக் கிழித்துக்கொண்டு போகிற சாதனம் அது. கடற்கரை ஃப்ரிஸ்பியை மனதில் வைத்து வகுத்த தூரங்கள் ஒரே தலைமுறையில் சிறுத்துப்போயின. திறந்தவெளிக் களங்களுக்கு இதற்கு ஒரே பதில்தான் உண்டு: கூடையை இன்னும் தள்ளி வை. காட்டுக் களத்துக்கு அந்த அவசரம் இல்லை. நானூறு அடி வீசத் தெரிந்தவனாக இருந்தாலும் என்ன, அறுபதடியில் மரம் நிற்கிறதே! வேகமாக வீசினால் வேகமாக மோதும், அவ்வளவுதான். ஐம்பது வருடப் பழைய களத்தை இன்னும் ஆடத் தகுந்ததாக வைத்திருப்பது கூடைகள் அல்ல, இந்த மரங்கள்.

அதனால்தான் பெரியவருக்குத் துக்கம். கம்பம் வளைந்தால் மாற்றலாம், சங்கிலி துருப்பிடித்தால் புதிது வாங்கலாம். மரத்தை?

இங்கே இருப்பது கலிஃபோர்னியக் கடலோரத்து ஓக். இலையுதிர்க்காத வகை. இருநூறு வருடங்களுக்கு மேல் வாழக்கூடியது. ஹஹமோங்னா என்ற பெயரைத் தந்த டோங்வா மக்கள் இதன் கொட்டையை இடித்து மாவாக்கி, தண்ணீர் விட்டுக் கசப்பை நீக்கிக் கஞ்சி காய்ச்சினார்கள். மழையில்லாத நீண்ட கோடைக்குப் பழகிய மரம் இது. பாவம் என்று கோடையில் தினமும் தண்ணீர் ஊற்றினால் வேரில் பூஞ்சை பிடிக்கும். அன்பு காட்டுவதிலும் கவனம் வேண்டும். மூச்சு வாங்கும் சல்லிவேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில்தான் இருக்கின்றன. மண் துகள்களுக்கு இடையிலுள்ள சின்னச் சின்ன இடைவெளிகள் வழியாகத்தான் அவற்றுக்குக் காற்றும் நீரும். ஒரே தடத்தில் வருடக்கணக்காக ஆட்கள் நடந்தால் அந்த இடைவெளிகள் நசுங்கி மண் இறுகிவிடும். மழை உள்ளே இறங்காமல் வழிந்தோடும், போகும்போது மேல்மண்ணையும் கூட்டிக்கொண்டு போகும். வேர் வெளியே தெரியும். அதன் மேலும் மிதிப்போம். மரம் உடனே எதுவும் சொல்லாது. பல வருடம் கழித்து உச்சி காயும், காற்றே இல்லாத ஒரு கோடை மதியத்தில் பெரிய கிளை ஒன்று விழும்.

ஆட்டத்தின் விதிப் புத்தகம் இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். உன் தட்டு புதருக்குள் விழுந்தால், கிளையை ஒடித்து வழி பண்ணக்கூடாது. செடிகொடிகள் எவ்வளவு குறைவாக அசையுமோ அப்படித்தான் நிற்க வேண்டும். அருமையான விதி. ஆனால் அந்த இடத்துக்கு நடந்து வந்த கால்களைப் பற்றி எந்த விதி என்ன செய்ய முடியும்? எங்கள் வேலையில் பழைய சர்வர் ஒன்று திணறினால் பயனர்களைப் பாதியாக்கு என்பார்கள். இங்கே பயனர்கள் நாங்கள்தான், வாரயிறுதியில் நானே இரண்டு சுற்று.

அதற்காக ஆட வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. செய்யக்கூடியது எல்லாம் சாதாரண வேலைதான். வீசும் இடத்தைச் சில வருடங்களுக்கு ஒருமுறை தள்ளி வைப்பது. அடிமரத்தைச் சுற்றி மரச்சிராய் பரப்புவது. இன்றே கன்று நடுவது. அந்தக் கன்று ஒரு தட்டைத் தடுக்கும் அளவுக்குப் பருக்கும்போது எனக்கு அந்தப் பெரியவர் வயது ஆகியிருக்கும்.

2002இல் ஹெட்ரிக் இறந்தபோது, அவர் விருப்பப்படியே அவருடைய சாம்பலைப் பிளாஸ்டிக்கில் கலந்து டிஸ்க்குகள் செய்தார்கள். இதைப் பெரியவரிடம் சொன்னேன். "தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வீசத் தயாரானார். கிளை விழுந்த பக்கம் நேராக வழி திறந்துகிடந்தது. அவர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. இல்லாத அந்தக் கிளையைச் சுற்றி இடப்பக்கமாக வளைத்து அனுப்பினார். தட்டு போய்க் கூடைக்குப் பத்தடியில் உட்கார்ந்தது.

நான் திறந்த வழியில் நேராக வீசினேன். மறுபடியும் டொக்.