மாலை போட்டவனை யாரும் வற்புறுத்துவதில்லை

கார்த்திகை முதல் தேதி வந்துவிட்டால் ஊரப்பாக்கத்தில் நிற்கிற மின்சார ரயிலில் பெட்டிக்கு நாலு பேராவது கறுப்பு வேட்டியில் இருப்பார்கள். அதில் பிளஸ் டூ, கல்லூரிப் பையன்களும் உண்டு. நேற்று வரை டீக்கடை ஓரம் சிகரெட்டும் கையுமாக நின்றவன் இன்றைக்கு "சாமி". அவனிடம் யாரும் "ஒரு தம் போடுடா" என்று நீட்டுவதில்லை. நீட்டினால் நீட்டியவனுக்குத்தான் திட்டு விழும்.

மதம் இளைஞர்களைப் போதையிலிருந்து காப்பாற்றுகிறதா என்று பொதுவாகக் கேட்டால் பட்டிமன்றம்தான் நடக்கும். அதனால் இந்த மாலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஏதோ ஆதிகாலத்திலிருந்து தமிழ்நாடு முழுக்க இருந்த வழக்கம் போலத் தோன்றும். ஆனால் இந்த அளவுக்குப் பரவியது கடந்த எழுபது சொச்சம் ஆண்டுகளில்தான். 1950-ல் சபரிமலைக் கோயில் தீயில் சேதமானது. அடுத்த ஆண்டு புது ஐம்பொன் சிலை பிரதிஷ்டை ஆனது. அதற்கு முன் அந்தச் சிலையைத் தமிழ்நாட்டில் ஊர் ஊராக ஊர்வலமாகக் கொண்டுவந்தவர் பி.டி. ராஜன். ஆமாம், 1936-ல் சென்னை மாகாண முதல்வராக இருந்த அதே நீதிக்கட்சித் தலைவர்தான்! நவாப் ராஜமாணிக்கம் ஐயப்பன் கதையை நாடகமாகப் போட்டார். பிறகு எம்.என். நம்பியார். திரையில் கையில் கோப்பையோடு வருகிற வில்லன், வீட்டில் மது தொடாத குருசாமி. அவர் பின்னால் இருமுடி கட்டிப் போன நடிகர்களின் படங்களைப் பார்த்தே பல பேர் மாலை போட்டிருப்பார்கள்.

மண்டல விரதம் 41 நாள். மது, புகை, அசைவம் கிடையாது. காலையும் மாலையும் குளியல், சரணம், வெறுந்தரையில் படுக்கை. இதில் பக்தி எவ்வளவு என்று அளக்க முடியாது. ஆனால் மாலை வெளியே தெரிகிறது. பதினெட்டு வயதில் "எனக்கு வேண்டாம்" என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று நமக்குத் தெரியும். "மாலை போட்டிருக்கேன்" என்பது அவ்வளவு கஷ்டமில்லை.

அயர்லாந்திலும் இதே சங்கதி நடந்தது. 1838 ஏப்ரல் 10-ல் கார்க் நகரில் தியோபால்ட் மேத்யூ என்ற பாதிரியார் இனிக் குடிப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டு ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் லட்சக்கணக்கானோர் கூட்டம் கூட்டமாக வந்து உறுதிமொழி எடுத்தார்கள். எடுத்தவர்களுக்குப் பதக்கம் கொடுப்பார். அதை ஏழைகளுக்குச் சும்மா கொடுத்துக் கொடுத்தே மனிதர் கடனாளியானார் (வரவு செலவு படிக்கிறவனுக்கு இது கண்ணில் படாமல் போகுமா?). 1845-ல் பஞ்சம் வந்தது, இயக்கம் தேய்ந்தது. ஒரு நாள் கூட்டத்தில் எடுத்த உறுதியை அடுத்த நாளிலிருந்து தாங்கிப்பிடிக்கப் பலருக்கு ஆள் இல்லை. நம் ஊரில் அந்த வேலையைக் குருசாமி செய்கிறார். தினமும் பூஜைக்கு வரவில்லையென்றால் வீட்டுக்கு ஆள் அனுப்புவார்.

2001-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக மையம் ஒன்று வெளியிட்ட அறிக்கையில், மத நம்பிக்கை முக்கியமில்லை என்று சொன்ன பதின்வயதினர், முக்கியம் என்றவர்களைவிடக் குடிப்பதற்கும் புகைப்பதற்கும் ஏறக்குறைய மூன்று மடங்கு வாய்ப்பு அதிகம் என்று வந்தது. இதை அப்படியே நம்பிவிடக் கூடாது. கோயிலுக்கோ சர்ச்சுக்கோ பிள்ளையை அழைத்துப் போகிற வீடு, அவன் ராத்திரி எத்தனை மணிக்கு வருகிறான் என்றும் பார்க்கிற வீடாக இருக்கலாம். காத்தது சாமியா, அம்மாவா?

ராஜாஜிக்கு இது புரிந்திருந்தது என்று நினைக்கிறேன். 1937 அக்டோபர் 1-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்தபோது, கடையை மூடியதோடு நிறுத்தவில்லை. சாயங்காலம் ஆட்கள் போக ஓர் இடம் வேண்டுமே என்று பஜனை, விளையாட்டு எல்லாம் ஏற்பாடு செய்தார்கள். வருமான இழப்பை ஈடுகட்ட 1939-ல் பொது விற்பனை வரி வந்தது. நாம் பாடமாகப் படித்த விற்பனை வரிக்குப் பின்னால் கள்ளுக்கடை இருக்கிறது! 2003 முதல் சில்லறை மது விற்பனையே டாஸ்மாக் கையில்.

மாலையின் பெரிய ஓட்டை 42-ஆம் நாள். மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றிய கையோடு கடைக்குப் போகிறவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். இன்னொன்று, இந்தக் கவசம் நம் வகுப்புப் பெண்களுக்கு இல்லை. 10 முதல் 50 வயது வரையிலான பெண்கள் மலை ஏறும் விஷயம் 2018 தீர்ப்புக்குப் பிறகும் தீரவில்லை. அவர்களுக்கு இதே ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே மேல்மருவத்தூர் இருக்கிறது. சிவப்பு உடுத்தி சக்தி மாலை போட்டுப் பெண்கள் கருவறை வரை போகிறார்கள். அங்கே மாலை போடுகிறவர்களில் பலர், குடிப்பது வீட்டு ஆம்பளையாக இருக்க, அவருக்காகத் தாங்கள் விரதம் இருப்பவர்கள்.